தோற்றவர் தரும் சான்று

1967ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் விருதுநகர்ச் சட்டமன்றத் தொகுதியின் வாக்குகள் எண்ணி முடிக்கப்பட்டபோது, 1,285 வாக்குகள் குறைவாகப் பெற்றுத் தோற்றிருந்தவர் காமராசர். ஒன்பது ஆண்டுகள் இம்மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர். அன்று நாட்டை ஆண்டுகொண்டிருந்த கட்சியின் அகில இந்தியத் தலைவர். நேருவின் மறைவுக்குப் பின் இரண்டு முறை தலைமை அமைச்சரைத் தேர்வு செய்வதில் முன்னின்றவர். அவரை அவருடைய சொந்த ஊரிலேயே வென்றவர், மாணவர் போராட்டத்தின் வழியே அரசியலுக்கு வந்த சீனிவாசன் என்னும் இளைஞர். அதே தேர்தலில் முதலமைச்சர் பக்தவத்சலமும் திருப்பெரும்புதூரில் தோற்றார். விடுதலைக்குப் பின் இடையறாது மாநிலத்தை ஆண்ட கட்சி ஆட்சியை இழந்தது.

மார்ச் 6ஆம் நாள் அண்ணா தலைமையில் புதிய அமைச்சரவை பொறுப்பேற்றது. அந்த நாளைப் பற்றி எழுதுவோர் அனைவரும் வென்றவர்களையே எழுதுகிறார்கள். எழுத வேண்டிய வெற்றிதான் அது. ஆயினும் அந்தச் சில நாள்களில் நிகழாதவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தோற்ற தரப்பிலிருந்து கசப்பான சொற்கள் வந்தன. ஆனால் கோட்டையின் கதவை எவரும் அடைக்கவில்லை. தில்லியில் அதே கட்சி ஆட்சியில் இருந்தது. அதன் துணையைக் கொண்டு மாநிலத்தின் முடிவை மாற்ற எவரும் துணியவில்லை. கோப்புகள் கைமாறின. அலுவலர்கள் மறுநாள் காலையில் வழக்கம்போல் பணிக்கு வந்து, புதிய அமைச்சர்களுக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். காமராசர் இரண்டு ஆண்டுகள் கழித்து, 1969 சனவரியில், நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் மீண்டும் மக்களிடமே வாக்குக் கேட்டு நின்றார், வென்றார்.

வென்றவருக்குத் தேர்தல் நடத்தும் அலுவலர் ஒரு சான்றிதழ் தருகிறார். அது சட்டத்தின் சான்று. அதனினும் வலிய சான்று ஒன்று உண்டு. அதைத் தோற்றவர்தாம் தர இயலும். ‘நான் போட்டியிட்டேன், மக்கள் வேறொருவரை விரும்பினார்கள், அவர் ஆளட்டும்’ என்று அவர் வாயால் வருவதே அச்சான்று. அது வராத நாட்டில் தேர்தல் ஆணையம் எத்தனை முத்திரை குத்தினாலும் தேர்தல் முடிவதில்லை. 2016ஆம் ஆண்டு டிசம்பரில் காம்பியா நாட்டின் குடியரசுத் தலைவர் யாகியா ஜாமே, தோல்வியைத் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டு, ஒரு வாரத்தில் அச்சொல்லைத் திரும்பப் பெற்றார். அண்டை நாடுகளின் படைகள் எல்லை கடந்து வந்த பின்னரே, மறு மாதத்தில், அவர் நாட்டை விட்டு வெளியேறினார். ஒரு மனிதரின் சொல் புரண்டதற்கு ஒரு நாடு அத்தனை நாள் அஞ்சி நடுங்க வேண்டியிருந்தது.

நம் நாட்டிலும் அந்தச் சொல் ஒருமுறை புரண்டது. அதை மறைக்க வேண்டியதில்லை. அதிலிருந்துதான் நாம் மிகுதியாகக் கற்றோம்.

1971 நாடாளுமன்றத் தேர்தலில் ரேபரேலித் தொகுதியில் இந்திரா காந்தி அம்மையார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். தோற்றவர் ராஜ் நாராயண். அவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குப் பின்னும் அவர் தேர்தலில் முறைகேடு நடந்ததென்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் மனுத் தொடுத்தார். பலர் சிரித்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1975 சூன் 12ஆம் நாள், நீதிபதி ஜகன்மோகன்லால் சின்கா அந்தத் தேர்தல் செல்லாதென்று தீர்ப்பளித்தார். அரசுப் பணியில் இருந்த ஒருவரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியதும், மாநில அரசு அலுவலர்களைக் கொண்டு கூட்டத்துக்கு மேடை அமைத்ததும் அவர் கண்ட குற்றங்கள். இவை சிறியவை, ஒரு தலைமை அமைச்சரைப் பதவியிறக்கப் போதா என்று அன்றும் சொன்னவர் உண்டு, இன்றும் உண்டு. அந்த வாதத்துக்கு இடம் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தில் அதைச் சொல்லியிருக்கலாம். அங்கே நீதிபதி கிருஷ்ணய்யர் நிபந்தனையுடன் இடைக்காலத் தடையும் தந்திருந்தார். ஆனால் சூன் 25ஆம் நாள் இரவு நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறை சென்றார்கள். நாளேடுகள் தணிக்கைக்கு உள்ளாயின. ஆகஸ்டில், தலைமை அமைச்சரின் தேர்தலை நீதிமன்றம் ஆராயவே இயலாதபடி அரசமைப்புச் சட்டம் 39ஆம் முறையாகத் திருத்தப்பட்டது. நவம்பர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தின் அந்தப் பகுதியைச் செல்லாதென்று நீக்கியது. முன் தேதியிட்டு மாற்றப்பட்டிருந்த தேர்தல் சட்டத்தின்படி அம்மையாரின் தேர்தலை ஏற்றது.

பிறகு 1977 மார்ச். அதே ரேபரேலி, அதே ராஜ் நாராயண். இம்முறை அம்மையார் 55,202 வாக்குகளில் தோற்றார். நெருக்கடி நிலை அப்போதும் நடப்பில் இருந்தது. காவலும் சிறையும் தணிக்கையும் அவர் கையில் இருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நீதிபதியின் தீர்ப்புக்கு எதிராக அவற்றை ஏவியவர், மக்கள் தீர்ப்புக்கு எதிராகவும் ஏவுவார் என்று அஞ்சியவர்கள் அந்த இரவில் நாடெங்கும் விழித்திருந்தார்கள். மார்ச் 21ஆம் நாள் நெருக்கடி நிலை விலக்கிக்கொள்ளப்பட்டது. மறுநாள் அவர் பதவி விலகினார். 24ஆம் நாள் மொரார்ஜி தேசாய் பொறுப்பேற்றார்.

1975இல் அவர் செய்தது பெரும்பிழை. அதற்கு இந்நாடு தந்த விலையை எந்தப் புகழாலும் ஈடுசெய்ய இயலாது. 1977இல் அவர் செய்தது அவருடைய கடமை. கடமையைச் செய்தார் என்பதற்காக முந்தைய பிழையை மன்னிக்க வேண்டியதில்லை. முந்தைய பிழைக்காக இந்தச் செயலை மறுக்கவும் வேண்டியதில்லை. 1980 சனவரியில் அவர் மீண்டும் தலைமை அமைச்சரானார் என்பதைத் தோற்ற கட்சிகள் அனைத்தும் மனத்தில் வைக்க வேண்டும். தோல்வியை ஏற்றுக்கொண்டு வெளியேறியவருக்கே திரும்பி வரும் வழி திறந்திருந்தது.

இனி, ஏற்பு என்பது தோற்றவரிடம் நாம் பிச்சையாகக் கேட்கும் ஒன்றா? இல்லை. அதை அவர் தருவதற்கான சூழலை உண்டாக்கும் பொறுப்பு தேர்தலை நடத்துவோருக்கு உண்டு. ‘நம்புங்கள்’ என்று சொல்வதால் நம்பிக்கை வாராது. கண்முன் காட்டினால் வரும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். முதலாம் பராந்தக சோழனின் ஆட்சிக்காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. அவற்றை இன்றைய மக்களாட்சியின் தாய் என்று புகழ்வது உண்மைக்கு ஒவ்வாது. அது திருவுளச்சீட்டு முறை. மக்கள் வாக்களித்த முறையன்று. நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணச் சபையாருக்குள் நடந்தது. பெண்களுக்கும் உழுத மக்களுக்கும் அதில் இடமில்லை. ஆனால் அதில் ஒரு செய்தி இருக்கிறது. அதைத்தான் நாம் போற்ற வேண்டும். பெயர் எழுதிய ஓலைகள் இட்ட குடத்தை அவையோர் அனைவரும் காணுமாறு முதியவர் ஒருவர் உயர்த்திப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கியதை அவன் உரக்கப் படிக்க வேண்டும். அங்குள்ள பெரியோரும் படிக்க வேண்டும். அதன் பிறகே பெயரை எழுதிக்கொள்ள வேண்டும்.

விரல்களை விரித்து வாங்க வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தவர்கள், மனிதரின் கையை அறிந்தவர்கள். மத்தியஸ்தன் நல்லவன் என்று சொல்லி அவர்கள் நிறுத்தவில்லை. நல்லவனாயினும் விரலை விரி என்றார்கள்.

இன்றைய வாக்குச்சாவடியிலும் அந்த விரித்த கை இருக்கிறது. வாக்குப்பதிவு நாளன்று விடியற்காலையில், வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில், குறைந்தது 50 வாக்குகளை இட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்துகிறார்கள். இயந்திரம் காட்டும் எண்ணிக்கையையும் ஒப்புகைச் சீட்டுகளையும் ஒத்துப் பார்த்து, அனைத்தையும் அழித்து, வெறுமையாக்கிக் காட்டி, முத்திரையிட்ட பிறகே முதல் வாக்காளர் உள்ளே வருகிறார். மாலையில், அந்தச் சாவடியில் பதிவான வாக்குகள் எத்தனை என்று குறித்த 17சி படிவத்தின் படி ஒவ்வொரு முகவருக்கும் தரப்படுகிறது. எண்ணும் நாளில் அந்தத் தாளோடு மேசைக்கு வருபவர், இயந்திரத்தின் எண்ணிக்கை மாறியிருந்தால் அந்த இடத்திலேயே கை உயர்த்தலாம். ஆணையம் எந்த அளவுக்கு இத்தகைய தாள்களையும் சாவடி வாரியான எண்ணிக்கைகளையும் விரைந்து வெளியிடுகிறதோ அந்த அளவுக்கு வதந்தி வலுவிழக்கும். கேட்ட பிறகு தயங்கித் தயங்கித் தருவது, கேட்டவரின் ஐயத்தை வளர்க்கவே பயன்படும்.

ஐயம் கொள்வோருக்கும் ஒரு சொல். வாக்குப்பதிவு இயந்திரத்தை இந்நாட்டின் பெரிய கட்சிகள் பலவும் தோற்றபோது பழித்திருக்கின்றன, வென்றபோது மறந்திருக்கின்றன. 2009இல் தோற்ற பாரதிய ஜனதாவின் தலைவர்கள் சொன்னவற்றையே பின்னர் தோற்ற காங்கிரசார் சொன்னார்கள். இது இயந்திரத்தின் வயதளவு பழைய வழக்கம். 1982இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 சாவடிகளில் அது முதன்முதலாகப் பயன்பட்டது. தேர்தலுக்கு முன் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை. 123 வாக்குகளில் அவரே வென்றார். உடனே, தோற்ற காங்கிரசு வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் அதே இயந்திரத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். சட்டத்தில் இடமில்லாமல் இயந்திரத்தைப் பயன்படுத்தியது தவறென்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது, ஜோஸ் வென்றார். அதன் பிறகு 1989இல் சட்டம் திருத்தப்பட்டது. நீதிமன்றத்தில் எழுந்த வாதங்களால்தான் ஒப்புகைச் சீட்டும் வந்தது. முறையாக எழுப்பிய ஐயம் ஒவ்வொன்றும் இந்த அமைப்பைச் செம்மை செய்திருக்கிறது. எண்ணிக்கை நாள் மாலையில் ஒலிவாங்கியின் முன் சான்றின்றி எறியும் சொல்லோ, தன் தொண்டனை மட்டும் ஏமாற்றுகிறது. ‘உன் வாக்கு எப்படியும் திருடப்படும்’ என்று தொண்டனிடம் சொன்ன கட்சி, அடுத்த தேர்தலில் அவனை எந்த முகத்தோடு வரிசையில் நிற்கச் சொல்லும்?

ஆகவே முடிவை ஏற்பது என்பது வாய்மூடிக் கிடப்பதாகாது. முறைகேடு உண்மையாக நடந்தால் அதை எதிர்க்க வேண்டும். சட்டம் காட்டும் வழியில் எதிர்க்க வேண்டும். தேர்தல் முடிந்த 45 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுத் தொடுக்கலாம். நீதிமன்ற வழி எவ்வாறு பயன்படும், எவ்வாறு பயன்படாமற்போகும் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

2024 சனவரி 30ஆம் நாள் சண்டிகர் மாநகரத் தந்தை தேர்தல் நடந்தது. மொத்தம் 36 வாக்குகள். கூட்டணி வேட்பாளருக்கு விழுந்த 20 வாக்குகளில் எட்டைத் தேர்தல் நடத்திய அலுவலர் செல்லாதென்று தள்ளினார். 16 வாக்குகள் பெற்றவர் வென்றதாக அறிவித்தார். அந்த எட்டுச் சீட்டுகளிலும் அலுவலரே குறி இட்டதை அறையிலிருந்த ஒளிப்பதிவுக் கருவி காட்டிக்கொடுத்தது. தோற்றவர் நீதிமன்றம் சென்றார். உச்ச நீதிமன்றம் சீட்டுகளைத் தன் முன் வரவழைத்துப் பார்த்தது. பிப்ரவரி 20ஆம் நாள், அதாவது மூன்றே வாரத்தில், அறிவிப்பை நீக்கி உண்மையாக வென்றவரை மாநகரத் தந்தையாக்கியது.

நம் மாநிலத்தின் ராதாபுரத்தில் நடந்ததைப் பாருங்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 வாக்குகளில் வென்றதாக அறிவிக்கப்பட்டார். தி.மு.க.வின் அப்பாவு தோற்றார். அஞ்சல் வாக்குகளில் 203 தள்ளப்பட்டிருந்தன. உறுதிமொழியில் சான்றொப்பமிட்ட தலைமையாசிரியர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். 49 என்னும் வேறுபாட்டின் முன் 203 என்பது சிறிய எண்ணன்று. அப்பாவு சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுத் தொடுத்தார். சாலையை மறிக்கவில்லை, சட்டம் சொன்ன இடத்துக்குச் சென்றார். 2019 அக்டோபர் முதல் நாள் நீதிமன்றம் அந்த அஞ்சல் வாக்குகளையும் இறுதி மூன்று சுற்றுகளின் வாக்குகளையும் மீண்டும் எண்ணச் சொன்னது. 4ஆம் நாள் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணிக்கை நடந்தது. அதே நாளில் உச்ச நீதிமன்றம் முடிவை வெளியிடத் தடை விதித்தது. தடை நீடித்தது. 2021 மே திங்களில் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்தது. ராதாபுரத்து மக்கள் ஐந்து ஆண்டுகளுக்கு யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் நீதியால் சொல்ல முடியவில்லை.

இங்கே இன்பதுரை வென்றாரா அப்பாவு வென்றாரா என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. உண்மையில் இன்பதுரையே வென்றிருந்தாலும் அவருக்கும் இது அநீதி. ஐந்து ஆண்டுகள் ஐயத்தின் நிழலில் அவர் அவையில் அமர வேண்டியிருந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 86ஆம் பிரிவு, தேர்தல் மனுவை ஆறு திங்களுக்குள் விசாரித்து முடிக்க முயல வேண்டும் என்கிறது. முயல வேண்டும் என்னும் அந்த ஒரு சொல்லின் இடுக்கில் எத்தனையோ மனுக்கள் பதவிக்காலம் முழுவதையும் கழித்துவிடுகின்றன. தோற்றவரிடம் பொறுமை கேட்கும் அரசு, அவருடைய பொறுமைக்கு ஓர் எல்லையைக் குறித்துத் தர வேண்டும். ஆறு திங்கள் என்பதை விருப்பமாக இல்லாமல் கட்டளையாக மாற்ற வேண்டும். மேல்முறையீட்டுக்கும் அத்தகைய எல்லை வேண்டும். உயர் நீதிமன்றங்கள் தேர்தல் மனுக்களுக்கென நீதிபதிகளை அந்த ஆறு திங்களும் வேறு பணியின்றி ஒதுக்க வேண்டும். சண்டிகரில் மூன்று வாரத்தில் இயன்றது, ராதாபுரத்தில் ஐந்து ஆண்டில் இயலவில்லை என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் இல்லை.

இதுவரை தலைவர்களைப் பற்றியும் நீதிமன்றங்களைப் பற்றியும் எழுதினோம். வாக்காளரைக் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 49 என்றும் 123 என்றும் எண்களைப் படிக்கும்போது, அந்த நாளில் வீட்டில் இருந்துவிட்டவர்களை யாரும் எண்ணுவதில்லை. 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் துருவநாராயணா 40,752 வாக்குகள் பெற்றார். அவரை எதிர்த்த கிருஷ்ணமூர்த்தி 40,751. 2008இல் இராஜஸ்தானத்தின் நாத்துவாராவில் மாநிலக் காங்கிரசுத் தலைவர் சி.பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார். முதலமைச்சர் பதவிக்கு அவர் பெயர் பேசப்பட்டுக்கொண்டிருந்த வேளை அது. அவரும் நீதிமன்றம் சென்றார். நம் சென்னையில், 2021ஆம் ஆண்டு தியாகராய நகர்த் தொகுதியின் முடிவு 137 வாக்குகளில் அமைந்தது. அங்கே வாக்களிக்காமல் இருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்தத் தொகுதியின் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தவர்கள் சாவடிக்குச் சென்றவர்கள் மட்டும்தாமா என்பது ஆராய வேண்டிய கேள்வி.

2024 ஏப்ரல் 19ஆம் நாள் வெள்ளிக்கிழமை, தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் வாக்குப்பதிவு நடந்தது. தருமபுரியில் நூற்றுக்கு 81 பேர் வாக்களித்தார்கள். மத்திய சென்னையிலும் தென்சென்னையிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 54 பேர். தருமபுரி மாவட்டத்தின் கோட்டூர் மலைக்கு வண்டி செல்லும் பாதை இல்லாமையால், பல தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு அலுவலர்கள் நடந்து போயிருக்கிறார்கள். சாலை வேண்டும் என்று தேர்தல்தோறும் கேட்டு வந்த மக்கள் அம்மலையில் வாழ்பவர்கள். சென்னையிலோ, நடந்து போகும் தொலைவில் சாவடி. மூன்று நாள் தொடர் விடுமுறை. முந்தைய இரவே பேருந்து நிலையங்களில் நெரிசல். சொந்த ஊரில் வாக்கு வைத்திருந்து அதற்காகப் புறப்பட்டவர்களும் அந்த நெரிசலில் இருந்தார்கள், அவர்களை வணங்குகிறோம். மலைவாசத்தலத்துக்கும் கடற்கரை விடுதிக்கும் புறப்பட்டவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். சம்பளத்துடன் கூடிய விடுமுறையைச் சட்டம் அன்று தருவது வாக்களிப்பதற்காக.

‘யார் வந்தாலும் ஒன்றுதான்’ என்று சொல்லுவோர் இருக்கிறார்கள். இந்தச் சொல் நெடுங்காலமாக வசதியுள்ள வீடுகளில் பேசப்படுகிறது. இந்நாட்டில் வாக்குரிமை ஒரு காலத்தில் சொத்தும் வரியும் படிப்பும் உடையோருக்கு மட்டும் இருந்தது. 1950இல் அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவு அந்தச் சுவரை ஒரே நாளில் இடித்தது. முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எழுதியபோது வட மாநிலங்களில் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் தாய், இன்னாரின் மனைவி என்றே எழுதச் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவ்வாறு எழுத மறுத்தார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அது கடுமையான முடிவு. ஆனால் அடுத்த தேர்தலுக்குள் அவர்கள் சொந்தப் பெயரோடு வந்தார்கள். ஒரு பெண் தன் பெயரால் அரசின் ஏட்டில் நிற்கக் காரணமாயிருந்தது வாக்கு. தலைநகரில் படித்தவர் அதை ஓய்வு நாளாகக் கருதுகிறார் என்றால், இழந்தது எதுவென்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்றுதான் பொருள்.

வாக்களிக்காமை நடுநிலை என்று நினைப்பது தவறு என்பதைத் தமிழர் வரலாறே காட்டுகிறது. 1931இல் இலங்கையில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது; ஆசியாவிலேயே அது முதல் முறை. முழு விடுதலை தராத அரசமைப்பை ஏற்க மாட்டோம் என்று யாழ்ப்பாண இளைஞர் அந்தத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தார்கள். அவர்களுடைய நோக்கம் உயர்ந்தது. ஆனால் தென்னிலங்கை அவர்களைப் பின்பற்றவில்லை. 1934 வரை யாழ்ப்பாணத்தின் இருக்கைகள் அரசுக் கழகத்தில் காலியாய்க் கிடந்தன. 2005 நவம்பரில் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தபோது, விடுதலைப் புலிகளின் பகுதியிலிருந்து வந்த புறக்கணிப்பு அழைப்பும் அது விளைத்த அச்சமும் சேர்ந்து, யாழ் மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்காத நிலையை உண்டாக்கின. மகிந்த ராஜபக்ச ஏறத்தாழ 1,80,000 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். யாழ் மாவட்டத்தின் பட்டியலில் மட்டும் ஏழு லட்சம் பேர் இருந்தார்கள். அவர்கள் வாக்களித்திருந்தால் வரலாறு எவ்வழிச் சென்றிருக்கும் என்று எவரும் உறுதிகூற இயலாது. முடிவு அவர்கள் இல்லாமலே எடுக்கப்பட்டது. அதன் விளைவை அவர்கள்தாம் சுமந்தார்கள். வாக்களிக்க அஞ்சியவரைக் குறை சொல்ல மாட்டோம். அச்சமே இல்லாத ஊரில் வீட்டில் இருப்பவரைக் குறை சொல்வோம்.

இன்னொரு கேட்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தோற்றவர் முடிவை மதிக்க மறுப்பதற்கு மிகவும் எளிதான காரணத்தை நம் மாநிலமே தந்துகொண்டிருக்கிறது. வாக்காளருக்குப் பணம் வழங்கப்பட்டதாக 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்கள் ஒத்திவைக்கப்பட்டு நீக்கப்பட்டன. 2017இல் இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தல் நீக்கப்பட்டது. 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் நீக்கப்பட்டது. பணத்தின் பொருட்டு ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் நீக்கப்பட்டது இந்நாட்டிலேயே அதுவே முதல் முறை. அந்தப் பெருமை நமக்கு வேண்டாதது. பணம் கொடுத்தவன் குற்றவாளி, அதில் ஐயமில்லை. வாங்கியவரின் வறுமையையும் நாம் அறிவோம். ஆயினும் வாங்கிய கை, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டிக் கேட்கும் உரிமையை அன்றே குறைத்துக்கொள்கிறது. வேறு எவரும் அதைக் குறைக்க முடியாது.

தேர்தலில் தோற்கப்போகும் கட்சிகளுக்கு எங்கள் வேண்டுகோள்: எண்ணிக்கை முடிந்த மாலையில் தோல்வியை ஒப்புக்கொள்ளும் சொல்லை, நிபந்தனை இணைக்காமல், முதலில் சொல்லுங்கள். குறை இருப்பின் மறுநாள் காலையில் சான்றுகளோடு நீதிமன்றம் செல்லுங்கள். நாடாளுமன்றத்துக்கு வேண்டுகோள்: 86ஆம் பிரிவின் ஆறு திங்களைக் கட்டாயமாக்குங்கள். வாக்காளருக்கு வேண்டுகோள்: பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று தேர்தல் அறிவிக்கப்படும் முன்பே பாருங்கள். விடுபட்டிருந்தால் படிவம் 6 நிரப்பிக் கொடுங்கள்; வாக்குப்பதிவு நாளன்று சாவடி வாயிலில் நின்று வருந்துவதால் பயனில்லை. அந்த நாள் வெள்ளியாக வந்தாலும் திங்களாக வந்தாலும், வெளியூர்ப் பயணத்தை மாலைக்குத் தள்ளிவைத்து, காலையில் முதலில் வாக்குச்சாவடிக்குச் செல்லுங்கள்.